காபி வேண்டாம் என்றவள்

வானொலியில் துப்பறியும் நாடகம் ஓடும்போது என் மாமியார் பக்கத்தில் உட்காரக் கூடாது. பிணம் விழுந்த ஐந்தாவது நிமிடத்தில் கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கீரை ஆயத் தொடங்கிவிடுவார். நாம்தான் மீதி இருபத்தைந்து நிமிடமும் அந்தத் துப்பறிவாளரோடு ஊரெல்லாம் அலைந்து, நாலு பேரைச் சந்தேகப்பட்டு, கடைசியில் மாமியார் சொன்ன ஆள் வீட்டு வாசலிலேயே போய் நிற்க வேண்டும்.

அவர் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு மேல் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்த காது. ஒரே ஒரு "ஹலோ"வை வைத்துப் பேசுகிறவர் பெண்ணைப் பெற்றவரா பிள்ளையைப் பெற்றவரா என்று சொல்வார். மயிலாப்பூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. படியேறும் செருப்புச் சத்தத்திலேயே வருவது யார் என்று தெரிந்து, அழைப்புமணி அடிப்பதற்குள் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார்.

ஆனால் கொலைகாரனைக் கண்டுபிடிக்க அவர் காதை நம்புவதில்லை. அதற்கு ஒரே விதிதான்.

"ஆத்துக்கு வந்தவன் காபி வேண்டாம்னு சொல்றான் பாரு, அவன்தான்."

"ஏன் அத்தை, வயித்துவலியா இருக்கக் கூடாதா?"

"வயித்துவலின்னா மோர் கேப்பான். காபியை வேண்டாம்னு சொல்றவாளுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அந்தாத்து காபி நன்னா இருக்காதுன்னு தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா, டம்ளரைத் தூக்கினா கை நடுங்கும்னு பயமா இருக்கணும்."

கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான் கணக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன், அந்த மனுஷி தோற்றதே இல்லை. நாடகம் எழுதுகிறவர்களுக்கும் இது தெரியாமலே பேனாவில் வந்துவிடுகிறது போலிருக்கிறது. நல்லவர்கள் எல்லோரும் காபி குடிக்கிறார்கள். கொலைகாரன் மட்டும் "பரவாயில்லை, இப்பதான் சாப்பிட்டேன்" என்கிறான்.

எனக்கு எரிச்சலாக வரும். நான் தி.நகரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு நகைக்கடையில் விற்பனையாளராக நின்றவர். இந்த வீட்டுக்கு நான் காதல் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். சமையல், கோலம், சாஸ்திரம் எதிலும் மாமியாரை ஜெயிக்க முடியாது என்று முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது. கதை எழுதுவது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதையும் அவர் ஐந்தே நிமிடத்தில் உடைத்துவிட்டுக் கீரை ஆயப் போனால் எப்படி இருக்கும்?

போன வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கினேன். அடையாறில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் சின்ன சமுதாய வானொலி ஒன்று இயங்குகிறது. அவர்களுக்கு அவ்வப்போது ஏதாவது எழுதிக் கொடுப்பேன். ஞாயிறு பிற்பகலில் போட அரைமணி நேரத் துப்பறியும் நாடகம் வேண்டும், கொலையும் வேண்டும், நகைத் திருட்டும் வேண்டும் என்று கேட்டார்கள். நான் அன்று வீட்டுக்குத் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய பாணிக் கதைதான் எழுதினேன். பெரிய பங்களா, அதில் தனியாக இருக்கும் பணக்காரக் கிழவி, ஒருநாள் காலை கழுத்து முறிந்து கிடக்கிறாள், பெட்டியிலிருந்த காசுமாலையைக் காணோம். சந்தேகத்துக்கு நாலு பேர். அந்த நாலு பேருக்கும் பக்கத்துக்குப் பக்கம் காபி கொடுத்தேன். டாக்டர் குடித்தார். வக்கீல் குடித்தார். கிழவியின் அண்ணன் மகன் சர்க்கரை தூக்கலாகக் கேட்டுக் குடித்தான். கொலை செய்த பாட்டு வாத்தியார் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்து, "பேஷ்! டிகாக்‌ஷன் இப்படித்தான் இறங்கணும்" என்று பாராட்டவும் செய்தார். எழுதி முடித்துவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நடிப்பெல்லாம் ஒழுங்காகப் பதிவானது. கழுத்து முறியும் சத்தத்துக்கு முருங்கைக்காய் ஒடித்தோம். முதல் காய் முற்றல், இரண்டாவது பிஞ்சு, மூன்றாவது காயில்தான் கிழவி திருப்தியாக இறந்தாள். சிக்கல் நகையில் வந்தது. திருடன் பெட்டியிலிருந்து காசுமாலையை எடுக்கும் இடம்தான் நாடகத்தின் உச்சம், அங்கே வசனமே கிடையாது. அதற்காகக் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் பரதநாட்டிய நகை விற்கும் கடையில் ஒரு கவரிங் காசுமாலை வாங்கிப் போயிருந்தேன். ஒலிப்பதிவாளர் அதை மைக் முன்னால் ஆட்டினார். டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போலிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார் அவர்.

எனக்கு ஆறவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டே கண்ணாடி மேல் விழுந்த நகை தங்கமா இல்லையா என்று சொல்வார். அவர் மகள் எழுதிய நாடகத்தில் தகரம் குலுங்குவதா? மாமியார் கேட்டால் முதல் வேலையாக, "இது கவரிங்டி" என்பார். அது ஒன்றுக்காகவே நான் புத்தி கெட்டுப் போனேன்.

ஏனென்றால் நிஜமான காசுமாலை எங்கள் வீட்டிலேயே இருந்தது. மாமியாருடையது, அவர் கல்யாணத்துக்குப் போட்டது. அதை அவர் பீரோவில் வைப்பதில்லை. திருடன் முதலில் பீரோவைத்தான் உடைப்பான் என்பது அவர் கட்சி. ஆகவே துணியில் சுற்றி, பெரிய துவரம்பருப்பு டின்னின் அடியில் புதைத்து வைத்திருந்தார். இது மூன்று பேருக்குத்தான் தெரியும். மாமியாருக்கு, எனக்கு, பிறகு வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கு. மளிகை வந்தால் டின்களில் கொட்டி வைப்பது அவள்தான். வேளச்சேரியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு டின் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அன்றாடச் சமையலுக்குச் சின்ன டப்பாவில் பருப்பு இருக்கும், அதை நிரப்ப இந்தப் பெரிய டின் ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கப்படும். நான் புதன்கிழமை காலை எடுத்தேன். சாயங்காலத்துக்குள் திரும்ப வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கேட்டு வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டால் எதற்கு என்பார், நாடகம் என்றால் கதை என்ன என்பார், கதையைச் சொன்னால் ஐந்து நிமிடம்.

ஆட்டோவில் அடையாற்றுப் பாலம் தாண்டும்வரை கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். நிலையத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் நானே மாலையைத் தூக்கினேன். காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, மெல்ல இழைந்து, கடைசியில் கொஞ்ச நேரம் நின்று ஒலித்தன. எனக்குப் புல்லரித்தது. ஆனால் அந்த ஒலி அடங்கும் நேரத்தில் தனியாக ஒரு 'டக்'.

"கடைசியில ஒண்ணு மட்டும் தட்டுது மேடம். வெட்டிடட்டுமா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

மறுபடி ஆட்டிப் பார்த்தோம். மறுபடியும் கடைசியில் 'டக்'. "வேண்டாம், அதுதான் நிஜம். அப்படியே இருக்கட்டும்" என்றேன் பெரிய கலைஞர் மாதிரி.

வீட்டுக்குள் நுழையும்போது நாலரை மணி. கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். எதிரே துவரம்பருப்பு டின் மூடி திறந்து நின்றது. பருப்பு மொத்தமும் செய்தித்தாளில் கொட்டிக் கிடந்தது. நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், அடையை யோசிக்கவில்லை. அன்று மத்தியானம் அவருக்கு அடை சாப்பிட வேண்டும்போல் இருந்திருக்கிறது.

"வந்துட்டியா. காபி கலக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம் அத்தை."

"காசுமாலையைக் காணோம். நீ இந்த டின்னைத் திறந்தியா?"

"எந்த டின் அத்தை?" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது வீட்டு வேலைக்கு வருகிறவள் வந்தாள், சாயங்காலப் பாத்திரம் தேய்க்க. பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வருபவள். பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். மாமியார் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, குற்றம் சாட்டவுமில்லை. ஆனாலும் அது கேட்கப்பட்டுவிட்டது.

"இன்னா பெரிம்மா கேக்குற? நா எத்துக்கினு போவேனா?"

"நான் உன்னைச் சொல்லலைடி. பார்த்தியான்னுதான் கேக்கறேன்."

"நீ சொல்லல. நானே காட்டிடறேன். நாளிக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுல்ல."

வேண்டாம் வேண்டாம் என்று மாமியார் சொல்லச் சொல்ல, அவள் தன் ஒயர் கூடையைத் தரையில் கவிழ்த்தாள். டிபன் டப்பா, பல்லுப்போன சீப்பு, மாத்திரை அட்டை, வீட்டுச் சாவி. இடுப்பிலிருந்த சுருக்குப்பையையும் அவிழ்த்து உதறினாள். நான் மூன்றடி தள்ளி, காசுமாலை இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். அது குலுங்கிவிடக் கூடாதே என்று முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்படியும் ஒரு தடவை லேசாகக் குலுங்கிவிட்டது.

மாமியார் தலையை நிமிர்த்தினார். "என்ன சத்தம்?"

"சாவி அத்தை" என்று சாவிக்கொத்தை வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினேன்.

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வெட்கம் ஒரு பக்கம், மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கும் வழி ஏதாவது இருக்கும் என்ற நப்பாசை ஒரு பக்கம். நான் எழுதிய பாட்டு வாத்தியாருக்கு என்னைவிட நெஞ்சுரம் அதிகம், அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

அவள் போன பிறகு மாமியார் சுவாமி விளக்கேற்றப் போனார். நான் மாலையைக் கடலைப்பருப்பு டின்னின் அடியில் புதைத்தேன். துவரைக்குப் பதில் கடலையில் மாற்றி வைத்துவிட்டோம் போல என்று நினைத்துக்கொள்வார், எல்லாம் சுபமாக முடியும் என்பது திட்டம். மறுநாள் காலை நானே டின்னைத் திறந்து, "அத்தை, இங்கே இருக்கே!" என்று கூவினேன். நடிப்பு மோசமில்லை.

மாமியார் வந்து பார்த்தார். மாலையைக் கையில் வாங்கவில்லை.

"இந்த டின்னை நேத்து ரெண்டு தடவை துழாவினேனே" என்றார்.

அவர் எல்லா டின்களையும் ஏற்கெனவே தேடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொலை நாடகம் எழுதுகிறவளுக்கு இவ்வளவுதான் மூளை.

வேலைக்காரப் பெண் வந்ததும் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மாத்தி வெச்சுட்டேன்டி. எனக்கு ஞாபகம் போயிண்டிருக்கு. மனசுல வெச்சுக்காதே."

"வுடு பெரிம்மா. வயசாவுதுல்ல" என்றாள் அவள். சொல்லும்போது மாமியாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் மிக்சியைப் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம்தான் எனக்குத் தண்டனை. மாமியார் ஒவ்வொரு டின்னின் மேலும் சீட்டு ஒட்டினார். கேஸை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்த்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டால், "யாரோ வரா" என்று மட்டும் சொன்னார், யாரென்று சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட, ஞாயிற்றுக்கிழமை நாடகங்களில் கொலைகாரனைச் சொல்வதை நிறுத்திவிட்டார். பேசாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். "யாரா இருக்கும் அத்தை?" என்று நானே கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்றார். நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று என் கணவரிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை வருடமாக இந்த மனுஷியை ஒரு தடவையாவது தோற்கடிக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன். தோற்று உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் முடிவு செய்வேன், மாலைக்குள் மாறிவிடுவேன்.

என் நாடகம் ஒலிபரப்பான ஞாயிறன்று மழை பெய்துகொண்டிருந்தது. அந்த நிலையம் எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலோரம்தான் சரியாக எடுக்கும். டிரான்சிஸ்டரை அங்கே வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். எழுதியது நான் என்று அறிவிப்பில் பெயர் வந்தபோது மாமியார் திரும்பிப் பார்த்து, "சொல்லவே இல்லையே" என்றார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு அழுகை வரும்போலிருந்தது.

முருங்கைக்காய் முறிந்தது, கிழவி இறந்தாள். டாக்டர் காபி குடித்தார். வக்கீல் குடித்தார். அண்ணன் மகன் குடித்தான். பாட்டு வாத்தியார் இரண்டாவது டம்ளர் கேட்டார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று, பத்து போயிற்று. என் வாழ்நாள் ஆசை நிறைவேறிக்கொண்டிருந்தது, அதில் எனக்கு ஒரு துளி சுகமில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. பெட்டி திறக்கும் கிரீச். அமைதி. காசுகள் சரிந்து இழைந்து மெல்ல ஒலித்து நின்றன. கடைசியில் 'டக்'.

மாமியார் கையை நீட்டி டிரான்சிஸ்டரை அணைத்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"நாப்பது காசுல முப்பத்தொம்பது தங்கம். ஒண்ணு மட்டும் கவரிங்" என்றார். "ஒரு கல்யாணத்துல ஒரு காசு தொலைஞ்சு போச்சு. உன் மாமனாருக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவார்னு மாத்திக் கோத்தேன். அவருக்கும் தெரியாது, என் பிள்ளைக்கும் தெரியாது. ஆனா அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கு உன் பையிலேர்ந்தும் வந்தது. சாவின்னே. சரி, காதும் போயிடுத்துன்னு நினைச்சுண்டேன்." அவர் குரல் உடைந்தது. அடுத்த கணமே சரியாகிவிட்டது. "கடலைப்பருப்பை ரெண்டு தடவை துழாவினேன்னா, துழாவினேன்தான். அன்னிக்கு நீ காபி வேண்டாம்னு சொன்னே. அப்பவே பிடிச்சிருக்கணும். உன் கதையில கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரியலைடி. ஆனா திருடி யாருன்னு தெரிஞ்சுடுத்து."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிய வழியச் சிரித்தார். தனக்கு ஞாபகம் போகவில்லை என்ற சந்தோஷத்தில் என்னைத் திட்டக்கூட மறந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அழுதேன், அவர் எழுந்து டின்களில் ஒட்டிய சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். கடைசிச் சீட்டைக் கிழித்த பிறகுதான் திரும்பினார்.

"நான் அவளைக் கூடையைக் கொட்ட வெச்சுட்டேன். நீ நின்னு பார்த்துண்டிருந்தே. நாளைக்கு வருவா. உன் கையால காபி கலந்து கொடுத்துட்டுச் சொல்லு. உட்கார வெச்சுச் சொல்லு."

மறுநாள் அவள் வந்ததும் கூடத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "இன்னாக்கா இன்னிக்கு?" என்று சந்தேகத்தோடு நுனியில் உட்கார்ந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்தேன். மாலையை எடுத்தது, நாடகம், சாவிக்கொத்து, கடலைப்பருப்பு டின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சமையலறையில் மாமியார் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் அங்கிருந்தே கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அவள் முகம் மாறவில்லை. காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தாள்.

"தெரியும்க்கா" என்றாள். "அன்னிக்கே தெரியும். நா கூடைய கொட்டுறேன், வெளிய போய்ட்டு வந்த நீ பைய கீழ வெக்காம அமுக்கிக்கினே நிக்குற. சாவி கையில எடுத்தப்புறமும் அமுக்கிக்கினேதான் நின்ன. பைக்குள்ள வேற இன்னா கீது? எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். இப்படிக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபமாக இல்லை, ஏதோ சின்னப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

"நா சொன்னா யாரு நம்புவாங்கக்கா?"

சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.